பில்டப்புக்குக் கட்டிய சந்தா: ஒரு விளையாட்டு ஒளிபரப்புச் சேவையின் பிளே-ஆஃப் வாரங்கள்

நேரலை விளையாட்டுப் போட்டிகளை ஒளிபரப்பும் ஒரு செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, அந்த ஆண்டு முடிகிற தறுவாயில் இதை எழுதுகிறேன். கிரிக்கெட், கால்பந்து, கூடைப்பந்து ஆகிய மூன்றின் லீக் சுற்றுகளையும், அவற்றைத் தொடர்ந்து வந்த பிளே-ஆஃப், அரையிறுதி, இறுதிப் போட்டிகளையும் இந்தச் சேவையில்தான் பார்த்தேன். சேவையின் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குத் தயக்கம் காரணமில்லை. இதற்கு முன் வைத்திருந்த வேறு இரண்டு சந்தாக்களிலும் ஏறக்குறைய இதே அனுபவம்தான் கிடைத்தது என்பதால், பெயரை மாற்றிப் போட்டாலும் இந்த மதிப்புரையில் பெரிதாக எதையும் திருத்த வேண்டியிருக்காது.

குறைகளுக்குள் போவதற்கு முன், இந்தச் சேவை நன்றாகச் செய்வதைச் சொல்லிவிடுவது நியாயம். படம் தெளிவாக இருக்கிறது. இணைய வேகம் குறையும்போது சற்று மங்கினாலும் ஒளிபரப்பு அறுந்துபோவதில்லை. ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு ஆட்டங்களைத் திரையைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. லீக் சுற்று நடந்த மாதங்களில் இதன் வர்ணனையை நான் உண்மையிலேயே விரும்பிக் கேட்டேன். புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த இரண்டு அணிகள் மோதிய ஒரு வாரநாள் ஆட்டத்தில், ஃபைன் லெக் திசையில் நின்றவரை அணித்தலைவர் வட்டத்துக்குள் அழைத்துக்கொண்டு ஆஃப் திசை எல்லையில் ஆளைக் கூட்டியிருப்பதால், அடுத்த பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அகலமாகத்தான் வரும் என்று ஒரு வர்ணனையாளர் பந்து வீசப்படுவதற்கு முன்பே சொன்னார். பந்தும் அப்படியே வந்தது. முன்னோட்ட நிகழ்ச்சி 15 நிமிடம் நடக்கும். ஆடுகளம் எப்படி இருக்கிறது, யார் ஆடுகிறார்கள், யார் ஆடவில்லை, ஏன் ஆடவில்லை என்பதோடு முடிந்துவிடும். அந்த மாதங்களுக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கரை தருவேன்.

பிளே-ஆஃப் தொடங்கிய அன்று காலை செயலியைத் திறந்தபோது, தவறான செயலியைத் திறந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. முகப்பு முழுவதும் கறுப்பும் பொன்னிறமுமாக மாறியிருந்தது. வீரர்களின் முகங்கள் மிக மெதுவாகத் திரும்பிப் பார்த்தன. பின்னணியில் போர் முரசு. 15 நிமிட முன்னோட்டம் ஒன்றரை மணி நேரமாக நீண்டிருந்தது. "மகுடப் போர்", "பழிதீர்க்கும் நேரம்", "சரித்திரம் காத்திருக்கிறது", "வாழ்வா சாவா" என்ற நான்கு தொடர்களைச் சுழற்சி முறையில் பயன்படுத்தியே அந்த ஒன்றரை மணி நேரத்தையும் ஓட்டினார்கள் என்று சொன்னால், அது மிகையாகத் தோன்றலாம். எனவே இரண்டாம் நாள் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆடுகளத்தைப் பற்றியும் அணியின் தேர்வைப் பற்றியும் பேசிய நேரம் 7 நிமிடம். மீதி நேரத்தில் இரு அணித்தலைவர்களின் பழைய சண்டை ஒன்றை மூன்று கோணங்களிலிருந்து காட்டினார்கள். பார்வையாளர் வரிசையில் கண்ணீரோடு நின்ற ஒருவரை ஐந்து முறையாவது காட்டினார்கள். பதினொருவர் ஆடும் ஆட்டத்தை இரண்டு முகங்களுக்கு இடையிலான தகராறாகச் சுருக்கி வைத்தார்கள்.

ஊதிப் பெருக்குவது ஊடகத்தின் இயல்புதானே, பிடிக்கவில்லையென்றால் ஒலியைக் குறைத்துவிட்டுப் போகலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஒலியைக் குறைப்பதால் தீரக்கூடிய எரிச்சலாக இருந்தால் இந்த மதிப்புரையை எழுதியிருக்கமாட்டேன். என்னுடைய குறை வேறு: இந்தப் பில்டப் நமக்குக் கிடைக்க வேண்டிய தகவலை மறைக்கிறது, சில இடங்களில் தவறான தகவலையே தருகிறது. அதற்குச் சான்றாக ஒரே ஒரு கைபேசி அறிவிப்பை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் தகுதிச் சுற்று ஆட்டம் நடந்த மாலையில் இந்தச் செயலி எனக்கு அனுப்பிய அறிவிப்பு: "இன்று வாழ்வா சாவா!" ஐபிஎல் போட்டியில் 2008 முதல் 2010 வரை வழக்கமான அரையிறுதிகள் இருந்தன, 2011 முதல் வேறு முறை நடைமுறையில் இருக்கிறது, அதே முறையைப் பின்பற்றும் தொடரைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். லீக் சுற்றில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அணிகள் முதல் தகுதிச் சுற்றில் மோதுகின்றன. வென்றது நேராக இறுதிக்குப் போகிறது. தோற்றது வெளியேறுவதில்லை, மூன்றாம் நான்காம் இடத்து அணிகள் மோதும் எலிமினேட்டரில் வென்று வரும் அணியோடு இரண்டாம் தகுதிச் சுற்றில் இன்னொரு முறை ஆடுகிறது. ஆக, அன்று மாலை களமிறங்கிய இரண்டு அணிகளில் எதற்கும் அந்த ஆட்டம் வாழ்வா சாவா இல்லை. இரண்டு மாத உழைப்புக்குக் கிடைத்த பரிசே அந்தக் கூடுதல் வாய்ப்புதான். 2013-இலும் 2017-இலும் மும்பை இந்தியன்ஸ் முதல் தகுதிச் சுற்றில் தோற்று, இரண்டாம் தகுதிச் சுற்றில் மீண்டு, எந்த அணியிடம் தோற்றதோ அதே அணியை இறுதியில் வீழ்த்திக் கோப்பையை வாங்கியது. 2017-இல் அந்த வெற்றி ஒரே ஒரு ரன்னில் வந்தது. எதிர்மாறாக, மூன்றாம் இடத்தில் முடித்த சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 2016-இல் எலிமினேட்டரிலிருந்து தொடங்கி மூன்று ஆட்டங்களையும் வென்று கோப்பையை எடுத்தது. அவர்களுக்குத்தான் ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவா.

இந்த வேறுபாடு ஏதோ விதிப்புத்தகத்தின் மூலையில் கிடக்கும் நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. காயத்திலிருந்து அரைகுறையாகத் தேறிய பந்துவீச்சாளரை இன்று இறக்குவதா, மூன்று நாள் கழித்து இறக்குவதா என்று ஓர் அணித்தலைவர் யோசிப்பது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்து ஆடும் அணியும், இல்லை என்று தெரிந்து ஆடும் அணியும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. பார்வையாளருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் ஆட்டம் கூடுதலாகச் சுவைக்கும். எல்லா ஆட்டத்தையும் ஒரே சுருதியில் அலறி அறிவித்தால், உண்மையிலேயே உயிர்போகும் ஆட்டம் வரும்போது சொல்வதற்குச் சொல் மிஞ்சுவதில்லை. இந்தச் செயலியிலும் அதுவே நடந்தது. எலிமினேட்டர் அன்று வந்த அறிவிப்பில் ஆச்சரியக்குறியை மூன்றாக்கியிருந்தார்கள். வேறு மாற்றம் எதுவும் இல்லை.

கூடைப்பந்துக்கு வருவோம். வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ போட்டியில் ஓர் அணி வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. பிறகு பிளே-ஆஃபில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர், முதலில் நான்கை வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். ஏழு ஆட்டத் தொடரின் அழகே அது மெல்ல மெல்ல மாறுவதில்தான் இருக்கிறது: முதல் ஆட்டத்தில் பலித்த உத்தியை மூன்றாம் ஆட்டத்துக்குள் எதிரணி முறித்துவிடும், ஐந்தாம் ஆட்டத்தில் இன்னொன்று முளைக்கும். 2016-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 82-இல் 73 ஆட்டங்களை வென்று சாதனை படைத்தது. மேற்கு மண்டல இறுதியில் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக 1-3 என்று பின்தங்கியிருந்து மீண்டு வந்தது. அடுத்து நடந்த இறுதித் தொடரில் கிளீவ்லாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலை பெற்றிருந்து கோப்பையை இழந்தது. என்பிஏ இறுதித் தொடரில் அந்த முன்னிலையிலிருந்து தோற்ற முதல் அணி அதுதான். ஒரு மாதத்துக்குள்ளேயே ஒரே அணி கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துப் பார்த்தது. இப்படிப்பட்ட வடிவம் கொண்ட ஒரு போட்டியை ஒளிபரப்பும்போது, நான் பார்த்த சேவை முதல் ஆட்டம் முடிந்த இரவே "கதை முடிந்ததா?" என்று கேட்டது, மூன்றாம் ஆட்டம் முடிந்ததும் "திருப்புமுனை" என்றது, நான்காம் ஆட்டம் முடிந்ததும் மறுபடியும் "கதை முடிந்ததா?" என்றது. தற்காப்பு ஆட்டக்காரர்களை எப்படி மாற்றி நிறுத்தினார்கள் என்பதைக் காட்டிய இரண்டு நிமிடப் படம் ஒன்று, யாரும் பார்க்காத ஒரு துணைப்பட்டியலின் அடியில் கிடந்தது. அதைத் தயாரித்தவருக்கு என் மனமார்ந்த நன்றி; அவரை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நீண்ட லீக் சுற்று ஓர் அணியின் திறனை ஓரளவு நம்பகமாக அளக்கிறது. குறுகிய பிளே-ஆஃப் அப்படி அளப்பதில்லை. அதில் தற்செயலுக்கு நிறைய இடம் உண்டு, அந்த இடம்தான் அதன் கவர்ச்சியும். அமெரிக்க பேஸ்பாலில் 2001-ஆம் ஆண்டு சியாட்டில் மரைனர்ஸ் 162 ஆட்டங்களில் 116-ஐ வென்றது; பிறகு நியூயார்க் யாங்கீஸிடம் 4-1 என்று தோற்று, இறுதித் தொடரை எட்டாமலே வீடு திரும்பியது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் 2022-23 பருவத்தில் பாஸ்டன் புரூயின்ஸ் 82-இல் 65 ஆட்டங்களை வென்று சாதனை படைத்துவிட்டு, முதல் சுற்றிலேயே புளோரிடா பாந்தர்ஸிடம் 3-1 என்ற முன்னிலையை இழந்து வெளியேறியது. ஆறு மாதம் நன்றாக ஆடியவர்கள் ஒரு வாரத்தில் திறமையை மறந்துவிடவில்லை. ஏழு ஆட்டங்கள் என்பது மிகச் சிறிய அளவுகோல், அவ்வளவுதான். ஆனால் ஒளிபரப்பில் தற்செயல் என்ற சொல்லுக்கே இடமில்லை. தோற்றால் அது குணக்கேடு. வென்றால் அது ரத்தத்தில் ஊறிய வீரம். "பெரிய ஆட்டம் என்றால் பதறிவிடுவார்கள்" என்ற முத்திரையைத் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி எத்தனை ஆண்டுகள் சுமந்தது! 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் அவர்களும் தலா 213 ரன் எடுத்துச் சமன் செய்தார்கள். முந்தைய சுற்று முடிவுகளின் அடிப்படையில் ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. ஒரு ரன் ஓட்டத்தில் நேர்ந்த குழப்பம் கால் நூற்றாண்டு நீடிக்கும் மனநோயாகப் பேசப்பட்டது. 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 282 ரன் இலக்கை எட்டி டெஸ்ட் உலகப் பட்டத்தை அவர்கள் வென்றபோது, முத்திரை குத்தியவர்களே அதை "சாபவிமோசனம்" என்ற தலைப்பில் இன்னொரு தொகுப்பாக்கி விற்றார்கள். சாபம் கொடுத்ததும் அவர்கள், விமோசனம் அறிவித்ததும் அவர்கள்.

அந்த 1999 தொடர் இன்னொன்றையும் காட்டுகிறது. கிரிக்கெட் வரலாற்றின் ஆகச் சிறந்த ஒருநாள் ஆட்டங்களில் ஒன்று அந்த அரையிறுதி; மூன்று நாள் கழித்து நடந்த இறுதியில் பாகிஸ்தான் 132 ரன்னுக்குச் சுருண்டது, ஆஸ்திரேலியா 20.1 ஓவரில் ஆட்டத்தை முடித்துவிட்டது. 2024 ஐபிஎல் இறுதியிலும் ஹைதராபாத் 113 ரன்னுக்கு ஆட்டமிழந்தது, கொல்கத்தா 10.3 ஓவரில், 57 பந்துகள் மீதமிருக்க, வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியது. இறுதிப் போட்டி என்று பெயர் வைத்துவிட்டால் அது நல்ல ஆட்டமாக அமைந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. இதை எந்த ரசிகரிடம் கேட்டாலும் சொல்வார். நான் சந்தா கட்டிய சேவைக்கு மட்டும் இது தெரியவில்லை. ஒருதலைப்பட்சமாகப் போய்விட்ட ஓர் இறுதி ஆட்டத்தில், ரன் விகிதத்தைப் பார்த்தாலே முடிவு தெரிகிற நிலையிலும், "இன்னும் எதுவும் முடிந்துவிடவில்லை" என்று அரை மணி நேரம் வர்ணனையாளர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். லீக் சுற்றில் திரையின் மூலையில் எப்போதும் தெரிந்துகொண்டிருந்த வெற்றி வாய்ப்பு அளவுமானி அன்று காணவில்லை. சதவீதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்போது அதை எடுத்துவிடுகிறார்கள், ஊசலாடும்போது மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள் என்பதை மூன்று ஆட்டங்களில் கவனித்தேன். இந்தச் சேவையின் மிகப் பயனுள்ள கருவி அது. அதை நாடகத்துக்கு வேலையாளாக்கிவிட்டார்கள்.

வர்ணனையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிளே-ஆஃப் வந்ததும், நான் முன்பு பாராட்டிய அந்த வர்ணனையாளர் காணாமல் போனார். அவர் இடத்தில் புகழ்பெற்ற முன்னாள் வீரர்கள் நால்வர் வந்து அமர்ந்தார்கள். நால்வரும் நல்ல ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள். நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு முக்கியமான ரன் அவுட் முறையீட்டின்போது விதி என்ன சொல்கிறது என்று அறிந்துகொள்ளக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், "என்ன ஒரு நாடகம்!" என்பதைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. பெரிய ஆட்டங்களில்தான் விதியறிவு அதிகம் தேவைப்படுகிறது. 2019 உலகக் கோப்பை இறுதியை நினைவுகூருங்கள். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241. சூப்பர் ஓவரில் தலா 15. முடிவில் பவுண்டரிகளின் எண்ணிக்கை, 26-க்கு 17, கோப்பையை இங்கிலாந்துக்குத் தீர்மானித்தது. ஐம்பதாவது ஓவரில் எறியப்பட்ட பந்து பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடியதற்கு நடுவர்கள் ஆறு ரன் கொடுத்தார்கள். பந்து எறியப்பட்ட நொடியில் மட்டையாளர்கள் இரண்டாம் ரன்னுக்கு ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை என்பதால் அது ஐந்தாக இருந்திருக்க வேண்டும் என்று முன்னாள் நடுவர் சைமன் டஃபல் பிறகு விளக்கினார். அந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை மறுபடி பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. பின்னணி முரசு எதுவும் அந்தச் சிலிர்ப்பைத் தர முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேர்மாறான அனுபவமும் எனக்கு இருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டத்தைப் பார்த்தேன், 6.5–6.5 என்று சமநிலையில் இருந்து தொடங்கிய அந்த ஆட்டம் மணிக்கணக்கில் ஓடியது. வர்ணித்தவர்கள் பெரும்பாலான நேரம் பலகையைப் பற்றியே பேசினார்கள்: சிப்பாய் எங்கே நிற்கிறது, யானையும் மந்திரியும் பரிமாறிக்கொள்ளப்பட்டால் என்ன மிஞ்சும், டிரா ஆகிவிடுமா என்று. 55-ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். அடுத்த சில நொடிகளில் குகேஷின் முகம் மாறியது. அவ்வளவு நேரம் நிதானமாகப் பலகையை விளக்கிக் கேட்டிருந்ததால்தான், அந்த ஒற்றை நகர்த்தலின் கனம் என்னைப் போன்ற அரைகுறை ஆட்டக்காரனுக்கும் விளங்கியது. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் என்ற செய்தி அதன் பிறகு தானாக வந்து சேர்ந்தது. யாரும் அதற்கு முன்கூட்டியே கட்டியம் கூற வேண்டியிருக்கவில்லை. சதுரங்கத்தின் வேகம் வேறு, கிரிக்கெட்டின் வேகம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆட்டத்தை விளக்கினால் பரபரப்பு குறைந்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை என்பதற்கு அந்த மாலை எனக்குப் போதுமான சான்று.

இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது புரியாததில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகள் 2022 ஜூன் ஏலத்தில் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. என்பிஏ 2024-இல் செய்துகொண்ட பதினோரு ஆண்டு ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 76 பில்லியன் டாலர். அவ்வளவு பணத்தைக் கொட்டிய நிறுவனங்கள் அதை விளம்பரத்திலும் சந்தாவிலும் எடுத்தாக வேண்டும். பத்து அணிகளான பிறகு ஐபிஎல்லின் 74 ஆட்டங்களில் பிளே-ஆஃப் என்பது நான்கே நான்குதான். அந்த நான்கைச் சுற்றி எவ்வளவு நேரத்தை விற்க முடியுமோ அவ்வளவையும் விற்கத்தான் பார்ப்பார்கள். ஊடகத்தின் இந்த ஆசை புதியதும் இல்லை. 1950-இல் உலகக் கோப்பை கால்பந்தின் கடைசி ஆட்டம் நடந்த நாளன்று, ரியோவில் வெளிவந்த ஒரு நாளிதழ் பிரேசில் அணியின் படத்தைப் போட்டு, இவர்களே உலகச் சாம்பியன்கள் என்று முன்கூட்டியே அச்சிட்டுவிட்டது. பிரேசிலுக்கு டிரா போதுமாக இருந்தது. உருகுவே 2-1 என்று வென்றது. அந்த நாளிதழுக்காவது ஒரு நியாயம் உண்டு: அதை வாங்காதவர் வாங்க வேண்டுமே என்று தலைப்பைப் பெரிதாகப் போட்டார்கள். நானோ ஓராண்டுப் பணத்தை முன்பே கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவன். உள்ளே இருப்பவனைப் பார்த்து வாசலில் நின்று "வாருங்கள், வாருங்கள்" என்று ஒன்றரை மணி நேரம் கூவுவதை எந்த வகைச் சேவையில் சேர்ப்பது?

ஆட்டம் முடிந்த பிறகும் இது ஓய்வதில்லை. 2023 உலகக் கோப்பையில் இந்தியா தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றது. நவம்பர் 19 அன்று இறுதியில் 240 ரன் எடுத்தது. டிராவிஸ் ஹெட் 137 ரன் அடிக்க, ஆஸ்திரேலியா 43 ஓவரில் ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. மெதுவான ஆடுகளத்தில் டாஸ் வென்றும் முதலில் பந்துவீசத் தீர்மானித்த ஆஸ்திரேலியாவின் கணிப்பைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசலாம். அவ்வளவு செறிவான முடிவு அது. இத்தகைய தோல்விகளுக்குப் பிறகு நான் பார்க்கும் ஒளிபரப்புகளிலெல்லாம் கிடைப்பது என்னவோ தலைகுனிந்து நிற்கும் முகங்களின் மெதுவோட்டமும், யார் மேல் பழியைப் போடலாம் என்ற விசாரணையும்தான். பத்து வெற்றிகள் ஒரே இரவில் முன்னுரையாகிவிடுகின்றன. இந்தச் சேவையின் காப்பகத்திலும் அதே மனப்பான்மைதான். பிளே-ஆஃப் தொடங்கியதும் லீக் சுற்று ஆட்டங்களின் முழுப் பதிவுகள் தேடினாலும் எளிதில் அகப்படாதபடி பின்னுக்குப் போய்விட்டன; தொகுப்புக் காட்சிகளில் பந்துகளைவிட முகங்கள் அதிகம்.

இன்னொரு சின்னக் குறை, ஆனால் எனக்கு மிக எரிச்சலூட்டியது. ஓர் அரையிறுதியை மறுநாள் காலை பார்க்கலாம் என்று முடிவைத் தெரிந்துகொள்ளாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். செயலியே "வரலாறு படைத்தது" என்று அணியின் பெயரோடு அறிவிப்பு அனுப்பிவிட்டது. முடிவை மறைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது, நான் அதை இயக்கியும் வைத்திருந்தேன். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்த வசதி லீக் ஆட்டங்களுக்கு மட்டுமே பொருந்தும், "சிறப்பு நிகழ்வுகளுக்கு" பொருந்தாது என்று பணிவான பதில் வந்தது.

வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகள். அறிவிப்புகளை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக அணைக்க வேண்டும், ஒன்றை மறந்தாலும் முரசு கேட்கும். ஆட்டம் தொடங்கும் என்று செயலி காட்டும் நேரம் முன்னோட்டம் தொடங்கும் நேரம்; டாஸ் நேரத்தைப் போட்டியை நடத்தும் அமைப்பின் அட்டவணையில் பார்த்துக்கொண்டு அப்போது உள்ளே போனால் போதும். ஒலித் தெரிவுகளில், மொழிகளின் பட்டியலுக்கும் கீழே, "மைதான ஒலி மட்டும்" என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்த ஆட்டங்கள்தான் இந்த ஆண்டு எனக்கு மிகப் பிடித்தவை: மட்டையில் பந்து படும் ஓசை, ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து விக்கெட் கீப்பர் விடாமல் பேசும் பேச்சு, ஓர் எல்லைப் பிடி நழுவும்போது பல்லாயிரம் பேர் ஒரே மூச்சாக இழுக்கும் காற்று. அந்த ஒலியைக் கேட்ட பிறகு, இதற்கு மேல் யார் என்ன பில்டப் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றியது. குறை என்னவென்றால், அதைத் தெரிவு செய்தால் விதி விளக்கமும் போய்விடும். லீக் சுற்று வர்ணனையாளரை மட்டும் தனி ஒலித்தடமாகக் கொடுத்தால் அதற்குத் தனியாகப் பணம் கட்டவும் தயாராக இருக்கிறேன் என்று கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

லீக் சுற்றுக்கு நான்கரை, பிளே-ஆஃபுக்கு ஒன்றரை. கூட்டிப் பாதியாக்கினால் ஐந்துக்கு மூன்று. சந்தா இன்னும் மூன்று நாளில் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி நேற்று இரவு ஓர் அறிவிப்பு வந்தது. கறுப்பும் பொன்னிறமுமான பின்னணியில், ஏதோ ஒரு வீரரின் முகம் மெதுவாகத் திரும்ப, "வாழ்வா சாவா: உங்கள் சந்தாவின் இறுதி 72 மணி நேரம்" என்று எழுதியிருந்தது. ஆண்டுச் சந்தாவை விட்டுவிட்டு, லீக் சுற்று நடக்கும் மாதங்களுக்கு மட்டும் மாதச் சந்தா கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இறுதிப் போட்டி அன்று என்ன செய்வேன் என்பதை அந்த மாதம் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.